நீரிழிவுக்காரருக்குக் கொலனோஸ்கோபி: முதல் நாள் தெளிந்த பானம் மட்டும் என்றால் எதை, எவ்வளவு குடிப்பது?

கடற்கரை வீதி | சனி, இரவு 8.40

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வருகிற வியாழக்கிழமை காலை கொலனோஸ்கோபி (கமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை). புதன்கிழமை முழுவதும் திடமான சாப்பாடு எதுவும் கூடாது, ஊடுருவிப் பார்க்கக்கூடிய தெளிந்த பானங்கள் மட்டும்தான் என்று ஒரு தாள் தந்திருக்கிறார்கள். தண்ணீர், பால் இல்லாத தேத்தண்ணி, வடித்த சூப், சக்கை இல்லாத அப்பிள் ஜூஸ், ஜெலி என்று அதில் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தம் நெடுநாளாக உண்டு. காலையும் இரவும் மெற்போமின், காலையில் கிளிக்கிளசைட், அதோடு பிரஷருக்கு ஒரு குளிசை. இன்சுலின் ஊசி இல்லை. அவர் சொல்வது இதுதான்: "ஜூஸும் ஜெலியும் எனக்கு விஷம். வெறும் தண்ணியும் சூப்பும் குடித்துக்கொண்டு ஒரு நாளைக் கழித்துவிடுவேன். குளிசையை மட்டும் தவறாமல் போடுவேன்." எனக்கு இது சரியாகப் படவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை அண்ணா | சனி, இரவு 9.15

தம்பி, அம்மா சொல்வதில் தவறு எங்கே இருக்கிறது? ஒரு நாள் சீனி உள்ளே போகாவிட்டால் உடம்புக்கு நல்லதுதானே. நம் ஆட்கள் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறார்கள். கடையில் சீனி இல்லாத சோடா கிடைக்கிறது, செயற்கை இனிப்புப் போட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். இவ்வளவு காலம் கட்டுப்பாட்டில் வைத்திருந்துவிட்டு ஒரு பரிசோதனைக்காக ஜூஸ் குடித்துச் சீனியை ஏற்றிக்கொள்வானேன்?

வாட்டுத் தாதி | சனி, இரவு 10.05

அண்ணா, மன்னிக்கவேண்டும், இதில் நான் உங்களோடு முழுக்க மாறுபடுகிறேன். பல வருடங்களாக மருத்துவ வாட்டில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி நாளில் எங்களுக்குப் பயம் சீனி ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான்.

கிளிக்கிளசைட் என்ன செய்கிறது என்று பாருங்கள். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்தக் குளிசைக்குத் தெரியாது. வழமையாகக் காலையில் இடியப்பமோ பாணோ உள்ளே போகிறது, மத்தியானம் சோறு போகிறது, சுரந்த இன்சுலினுக்கு அங்கே வேலை இருக்கிறது. புதன்கிழமை வெறும் தண்ணீரும் சூப்பும் என்றால் அதே இன்சுலின் இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்துக்கொண்டே இருக்கும். கிளிபென்கிளமைட், கிளிமெப்பிரைட் எல்லாம் இதே குடும்பம்தான். கிளிபென்கிளமைட் வயதானவர்களிலும் சிறுநீரகம் பலவீனமானவர்களிலும் இன்னும் நீண்ட நேரம் நின்று வேலை செய்யும். ஒரு தடவை சீனி இறங்கி, கொடுத்து ஏற்றி, சில மணி நேரத்தில் திரும்ப இறங்குவதையும் இந்தக் குளிசைகளில் பார்க்கலாம்.

வடித்த சூப்பில் உப்பும் நீரும் இருக்கிறது, மாச்சத்து கிட்டத்தட்ட இல்லை. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சீனிக்கு ஒன்றும் கிடைக்காது. சீனி இல்லாத சோடாவும் அதே கணக்குத்தான். ஆகவே அம்மா அந்த ஒரு நாள் சீனி உள்ள பானங்களைக் குடிக்கத்தான் வேண்டும். ஆசைக்காக இல்லை, சாப்பாட்டுக்குப் பதிலாக.

அளவு என்ன என்றால், பொதுவாகச் சொல்லப்படுவது நாள் முழுவதுக்கும் ஏறக்குறைய 200 கிராம் மாச்சத்து. அதைச் சாப்பாட்டு வேளைக்கு 45 கிராம் அளவிலும், இடைவேளைகளில் 15 முதல் 30 கிராம் அளவிலும் பிரித்து எடுக்கவேண்டும். பிரிப்பது ஏன் முக்கியம் என்றால், இந்தப் பானங்களில் புரதமும் கொழுப்பும் நாரும் இல்லை. சோறும் பருப்பும் மெதுவாகச் செரித்துச் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஜூஸ் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கிவிடும். காலையில் ஒரு பெரிய போத்தலைக் குடித்துவிட்டு மாலைவரை சும்மா இருந்தால் இரண்டு பக்கமும் அடி.

குளிசை விஷயம்: அந்த நாளில் கிளிக்கிளசைட்டை நிறுத்துவதா குறைப்பதா என்பதை அம்மாவுக்கு மருந்து எழுதும் டொக்டர்தான் சொல்லவேண்டும். பல டொக்டர்மார் பரிசோதனைக்கு முதல் நாளும் பரிசோதனை நாள் காலையிலும் இந்த வகைக் குளிசையை நிறுத்தியோ குறைத்தோ தருவார்கள். மெற்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. ஆனால் குடலைச் சுத்தம் செய்யத் தரும் பேதி மருந்தால் உடம்பு நீர் வற்றும் நேரத்தில் அதையும் நிறுத்தச் சொல்வது வழமை. உங்களிடம் இன்னும் நாள் இருக்கிறது. திங்கட்கிழமையே கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த டொக்டரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணுங்கள். கொலனோஸ்கோபி செய்பவருக்குக் குடல் தெரியும், அம்மாவின் சீனிக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விரதத்தோடு ஒப்பிட வேண்டாம் அண்ணா. விரதத்தில் பேதி மருந்து குடிப்பதில்லை. அதுவும் நீரிழிவுக் குளிசை போடுபவர்கள் டொக்டரைக் கேட்காமல் ஆறு நாள் விரதம் இருப்பதே எனக்குக் கவலைதான். அது வேறு இழைக்கான பேச்சு.

கொட்டாஞ்சேனை அக்கா | ஞாயிறு, காலை 7.20

தாதி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கணவருக்கும் இதே பரிசோதனை நடந்தது. அவருக்கும் கிளிக்கிளசைட்தான், டொக்டர் முதல் நாளே நிறுத்திவிட்டார். நான் அந்த நாளை எப்படி ஒழுங்கு செய்தேன் என்று எழுதுகிறேன். அளவுகளை உங்கள் டொக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. மட்டமான ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். அப்பிள் ஜூஸ் அரைக் கப், அதாவது 120 மில்லிலீற்றர், ஏறக்குறைய 15 கிராம். சீனி உள்ள ஜெலி அரைக் கப் 15 முதல் 20 கிராம் வரும். தேன் ஒரு மேசைக்கரண்டி 17 கிராம் அளவு. இவ்வளவு தெரிந்தால் போதும், நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

காலை ஏழு மணிக்கு ஒரு கப் அப்பிள் ஜூஸ், அதோடு நாலு கரண்டி சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. இதுவே 46 கிராம். பத்து மணிக்கு அரைக் கப் ஜூஸ். மத்தியானம் கோழி எலும்பை இஞ்சி, மிளகு, கொஞ்சம் கறிவேப்பிலை போட்டு அவித்து, துணியில் இரண்டு தரம் வடித்த சூப், அரைக் கப் மஞ்சள் ஜெலி, ஒரு கப் ஜூஸ். நாலு மணிக்குக் கொத்தமல்லித் தண்ணீர், வடித்து, சீனி போட்டு. இரவுக்கும் காலையில் குடித்த மாதிரியே. படுக்கப் போகும்முன் கொஞ்சம் தேன் கலந்த சுடுதண்ணீர். எல்லாம் சேர்த்து 180 கிராமுக்கு மேலே போகும். வேண்டுமானால் இடையில் ஒரு சீனித் தேத்தண்ணி கூட்டலாம்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது மார்மைட் கரைத்த சுடுதண்ணீர். தேசிக்காய் ஒரு சொட்டு வடித்து விட்டால் இனிப்புக் குடித்து அலுத்த வாய்க்குப் பெரிய ஆறுதல். நிறம் கறுப்பாக இருந்தாலும் தெளிந்த பானமாக ஏற்றுக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் உண்டு, உங்கள் இடத்தில் ஒரு தரம் கேளுங்கள். ஆனால் உப்பு அதிகம், அம்மாவுக்குப் பிரஷர் என்பதால் ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். சீனிக்கும் அது உதவாது, வாய்க்கு மட்டும்தான்.

மாம்பழ நெக்டர், தோடம்பழச் சாறு, தக்காளி போட்ட ரசம், கஞ்சித்தண்ணீர், மோர், பால் தேத்தண்ணி எதுவும் கூடாது. கஞ்சித்தண்ணீரை வடித்துவிட்டோம்தானே என்று நினைப்பார்கள். கிளாசுக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்து எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் அது அன்றைக்கு ஆகாது.

அதற்கு முந்திய இரண்டு மூன்று நாளும் சிவப்பரிசி, குரக்கன், மல்லுங், கீரை, கொய்யா, விதையுள்ள காய்கறிகள் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்வார்கள். அந்த நாட்களில் வெள்ளைச் சோறு, வெள்ளை இடியப்பம், மீன், முட்டை. நார் குறைவதால் சீனி வழமையை விடக் கொஞ்சம் ஏறும். சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

மருதானை மகள் | ஞாயிறு, காலை 9.50

அக்காவின் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறேன். சிவப்பு, ஊதா நிறம் உள்ள எதுவும் கூடாது. நெக்டோ, மாதுளை, கறுப்பு முந்திரிகைச் சாறு, சிவப்பு ஜெலி எதையும் குடித்தால் அந்தச் சாயம் குடலில் ஒட்டி இரத்தம் மாதிரித் தெரியும். வாப்பாவுக்குப் பரிசோதனை வைத்தபோது மஞ்சள் ஜெலி மட்டும் கொடுத்தோம். ஜெலற்றீன் மாட்டிலோ பன்றியிலோ இருந்து எடுப்பது, எனவே எங்களைப் போல ஹலால் பார்ப்பவர்களும், சைவமாக இருப்பவர்களும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நோன்பு காலத்தில் செய்யும் கடல்பாசியைக் கொடுக்கலாமா என்று நான் கேட்டேன், எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். ஜெலியே இல்லாமல் ஜூஸையும் சீனித் தேத்தண்ணியையும் வைத்துக் கணக்கை முடிக்கலாம், ஒன்றும் குறையாது.

இன்னொரு விஷயம், நம் நாட்டில் 2016இல் பானப் போத்தல்களுக்கு நிறக் குறி வந்தது நினைவிருக்கும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. மற்ற நாளெல்லாம் நாங்கள் தேடுவது பச்சை. அன்றைக்குப் பச்சையை மட்டும் வாங்கி அடுக்கினால் வீட்டில் குடிப்பதற்கு நிறையவும் சீனிக்கு ஒன்றுமில்லாமலும் நிற்பீர்கள். போத்தலில் எத்தனை கிராம் என்று எழுதியிருப்பதை வாசித்துக் கணக்கில் சேருங்கள். சோடாக் கம்பனிகள் சீனி அளவை அவ்வப்போது மாற்றுகிறார்கள், போன வருடம் பார்த்த எண்ணை நம்ப வேண்டாம்.

கடற்கரை வீதி | ஞாயிறு, காலை 11.30

எல்லோருக்கும் நன்றி. அக்காவின் கணக்கை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இன்னும் முகத்தைச் சுளிக்கிறார், ஆனால் கேட்கிறார். அவருடைய இரண்டு கேள்விகள். ஜூஸுக்குப் பதில் ஜீவனி (பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல்) குடித்தால் போதாதா, அதிலும் குளுக்கோஸ் இருக்கிறதுதானே? காலி வீதியில் விற்கும் செவ்விளநீர் சரியா?

பாமசித் தம்பி | ஞாயிறு, பிற்பகல் 1.10

ஜீவனி பற்றி நான் சொல்கிறேன், கவுண்டரில் நிற்பவனுக்குத் தினமும் வரும் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இந்த வகை உப்புக் கரைசலில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அதாவது ஒரு 200 மில்லிலீற்றர் கிளாசில் 3 கிராம்கூட இல்லை. அந்தக் குளுக்கோஸ் உப்பையும் நீரையும் குடல் உறிஞ்சுவதற்காகப் போட்டது, பசிக்குப் போட்டதில்லை. ஆகவே சாப்பாட்டுக்குப் பதிலாகவும் ஆகாது, சீனி இறங்கினால் ஏற்றவும் ஆகாது. ஆனால் பேதி மருந்து குடிக்கும் நாளில் வேறு காரணத்துக்கு அது நல்லது. வயதானவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைச்சுற்றும் மயக்கமும் வரலாம். சூப்பும் உப்புக் கரைசலும் அதைத் தடுக்கும். இருதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்கவேண்டும்.

செவ்விளநீர் தெளிந்த பானம்தான், வழுக்கல் இல்லாமல் வடிகட்டினால் குடிக்கலாம். பிரச்சினை என்னவென்றால் காய்க்குக் காய், முற்றலுக்கு முற்றல் சீனி மாறும். கணக்கில் சேர்க்க முடியாத பானம். அதோடு பொட்டாசியம் நிறைய. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது. நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் பழுதாகியிருக்கும். அம்மாவின் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) அறிக்கை எங்கேயாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அது முக்கியம், ஏனென்றால் பேதி மருந்திலும் வகை உண்டு. பொலிஎதிலீன் கிளைக்கோல் வகை உடம்பில் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறும், சீனிக் கணக்கிலும் சேராது. சோடியம் பொஸ்பேற் வகை சிறுநீரகத்துக்கு ஆகாது. எந்த வகை தந்தார்கள் என்று பெட்டியில் பார்த்துவிட்டுச் சிறுநீரக விஷயத்தை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

கித்துள் கருப்பட்டி, பனங்கற்கண்டு சீனியை ஏற்றாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏற்றும். அவற்றையும் சீனியாகவே கணக்கில் எடுங்கள். அம்மா இரும்புச்சத்துக் குளிசை போடுகிறாரா? போட்டால் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மலத்தைக் கறுப்பாக்கிவிடும். அதை இன்றைக்கே கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது குளிசை போட்டால் அதையும் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தெஹிவளை அண்ணா | ஞாயிறு, பிற்பகல் 3.00

சரி, சீனி உள்ள பானம் தேவை என்பது விளங்குகிறது. ஆனால் சீனி பார்க்கும் மீற்றரில் 250, 280 (mg/dL) என்று வந்தால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வது? அதற்கும் பதில் வேண்டாமா?

வாட்டுத் தாதி | ஞாயிறு, மாலை 5.40

வேண்டும், நல்ல கேள்வி. அன்றைக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் குத்திப் பார்க்கவேண்டும். படுக்கும்முன் ஒன்று, விடியற்காலை ஒன்று. ஸ்ட்ரிப் போதுமான அளவு வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், புதன்கிழமை இரவு பாமசி தேடி ஓட வேண்டாம்.

குத்தும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஜூஸும் தேனும் தொட்ட விரலில் குத்தினால் மீற்றர் பொய்யாகப் பெரிய எண்ணைக் காட்டும். அதை நம்பி அடுத்த ஜூஸை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் சீனி இறங்கிக்கொண்டிருக்கும். இப்படி நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு நாள் 180, 200 என்று நின்றால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். 250க்கு மேல் போனால் கையைக் கழுவித் திரும்பப் பாருங்கள். அப்போதும் அப்படித்தான் என்றால் அடுத்த வேளைப் பானத்தைச் சீனி குறைந்ததாக மாற்றி, தண்ணீரும் சூப்பும் கூட்டிக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். இறங்காமல் நின்றால், அல்லது வாந்தி, மூச்சு வாங்கல், வயிற்றுவலி சேர்ந்தால் டொக்டரோடு பேசுங்கள்.

70க்குக் கீழே வந்தால் பேச்சே இல்லை, உடனே 15 கிராம் சீனி. அரைக் கப் அப்பிள் ஜூஸ், அல்லது நாலு கரண்டி சீனி கரைத்த தண்ணீர், அல்லது 15 கிராம் குளுக்கோஸ் தூள் கரைத்தது. 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்துங்கள், ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். வேறு நாளில் இதற்குப் பிறகு இரண்டு பிஸ்கட் கொடுப்போம், அன்றைக்கு அது முடியாது, ஆகவே அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு சீனிப் பானம் கொடுத்துக் கூடவே இருங்கள். அக்கார்போஸ் குளிசை போடுபவர்களுக்குச் சாதாரண சீனி மெதுவாகத்தான் ஏறும், அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும்.

அம்மாவின் பிரஷர் குளிசை எது என்று பாருங்கள். அற்றெனொலோல் மாதிரியான குடும்பம் என்றால் சீனி இறங்கும்போது வரும் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். வயதானவர்கள் சிலர் வியர்வைகூட இல்லாமல் ஒரு மாதிரி தடுமாறிப் பேசுவார்கள், எரிந்து விழுவார்கள். "பசியில் கோபம்" என்று விட்டுவிடாமல் குத்திப் பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, பக்கவாட்டில் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பொரளை அம்மா | ஞாயிறு, இரவு 8.15

இந்த இழையை ஊசி போடுபவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். என் மகனுக்கு முதலாம் வகை நீரிழிவு. அவனைப் போன்றவர்கள் சாப்பிடாத நாளிலும் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை முற்றாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கீற்றோன் (சீனிக்குப் பதில் கொழுப்பு எரியும்போது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) கூடி ஆபத்தான நிலைக்குப் போய்விடும். அளவைக் குறைப்பார்கள், எவ்வளவு என்பதை டொக்டர் சொல்வார். சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகிய நேர ஊசியைக் குடிக்கும் மாச்சத்தைப் பார்த்துப் போடச் சொல்வார்கள்.

நம் கிளினிக்குகளில் நிறையப் பேருக்குக் காலையும் இரவும் போடும் கலப்பு ஊசிதான், 30/70 என்பது. இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரே ஊசியில் இரண்டும் கலந்திருக்கிறது, ஒன்றை விட்டு மற்றதை மட்டும் போட முடியாது. வழமையான அளவைப் போட்டுவிட்டு வெறும் சூப் குடித்தால் மத்தியானத்துக்குள் விழுந்துவிடுவார்கள். முதல் நாள் காலைக்கு எவ்வளவு, இரவுக்கு எவ்வளவு, பரிசோதனை நாள் காலைக்கு எவ்வளவு என்று மூன்று எண்களையும் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது பதற்றத்தில் மறந்துபோகும்.

பாமசித் தம்பி | ஞாயிறு, இரவு 9.05

பொரளை அம்மா சொன்ன கீற்றோன் விஷயத்தோடு இன்னொரு குளிசை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்" என்று முடிகிறவை. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். சிறுநீரில் சீனியை வெளியேற்றுவதுதான் அவற்றின் வேலை. சாப்பிடாமல், நீர் வற்றிய நிலையில் அவற்றைப் போட்டால், மீற்றரில் சீனி பெரிதாக ஏறாமலே கீற்றோன் நஞ்சாகக் கூடிவிடும். மீற்றர் 160 காட்டும், ஆள் வாந்தி எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தவேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அறிவுறுத்தலில் சேர்த்தது. கொலனோஸ்கோபிக்கும் அதே மாதிரியே பார்க்கிறார்கள். எனவே புதன்கிழமை காலையில் நினைவு வந்தால் காலம் கடந்துவிட்டது. கடற்கரை வீதி அண்ணா, அம்மாவின் குளிசைகளில் இது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் கலவைக் குளிசை உண்டு. மெற்போமினோடு சேர்த்து ஒரே வில்லையாக வருகிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பாருங்கள்.

வாரம் ஒரு தடவை போடும் செமாகுளுற்றைட் ஊசி எடுப்பவர்கள், வயிறு மெதுவாகக் காலியாகும் என்பதால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா | திங்கள், காலை 6.45

இரவைப் பற்றி யாரும் எழுதவில்லை. பேதி மருந்தை இப்போது இரண்டாகப் பிரித்துத்தான் தருகிறார்கள், ஒரு பாதி மாலையில், மறுபாதி பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு. காலை எட்டு மணிப் பரிசோதனை என்றால் விடியற்காலை மூன்று மணிக்கே எழும்பவேண்டும். எழும்பியதும் முதலில் சீனியைக் குத்திப் பாருங்கள், பிறகு மருந்து. குளியலறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் போட்டு வையுங்கள், தரை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். நீர் வற்றி, பிரஷரும் இறங்கி, அரைத் தூக்கத்தில் எழும்புகிற வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டால் கொலனோஸ்கோபியை விடப் பெரிய சிக்கல். பிளாட்டில் ஒரே குளியலறை என்றால் மற்றவர்கள் அன்றைக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். வாளிகளில் தண்ணீர் பிடித்து வையுங்கள். அம்மா தனியாக இருக்கக் கூடாது, யாராவது ஒருவர் அதே அறையில் படுக்கவேண்டும்.

கடற்கரை வீதி | திங்கள், இரவு 9.30

இன்று அம்மாவின் டொக்டரைச் சந்தித்தோம். கிளிக்கிளசைட்டைப் புதனும் வியாழன் காலையும் போட வேண்டாம், மெற்போமினைப் புதன்கிழமை முழுவதும் விடுங்கள், பிரஷர் குளிசையை வழமைபோல என்று கொப்பியில் எழுதித் தந்தார். சீனிப் பானம் குடிக்கத்தான் வேண்டும் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அம்மா ஒத்துக்கொண்டார். பரிசோதனையைக் காலை முதல் ஆளாக வைக்கும்படியும் கேட்கச் சொன்னார், கேட்டேன், ஏழரைக்குத் தந்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. ஐந்தரைக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் சீனி இறங்கினால்? அப்புறம் முடிந்த பிறகு குளிசையை எப்போது தொடங்குவது?

வாட்டுத் தாதி | செவ்வாய், காலை 6.10

தெளிந்த பானத்தை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துவது வழமைதான். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. ஐந்து மணி அளவில் ஒரு சீனித் தேத்தண்ணியோ அரைக் கப் ஜூஸோ கொடுத்து முடித்துவிடுங்கள். வழியில் 70க்குக் கீழே வந்தால் கொடுப்பதா விடுவதா என்று யோசிக்க வேண்டாம். கொடுங்கள். பரிசோதனை ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம், மூளைக்குச் சீனி இல்லாமல் இருக்க முடியாது. போனதும் எத்தனை மணிக்கு என்ன, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று வரவேற்பில் இருப்பவரிடம் சொல்லாமல், உள்ளே ஊசி போடும் மிஸ்ஸிடமே சொல்லுங்கள். மீற்றர், ஒரு சிறிய ஜூஸ் பெட்டி, கொப்பி மூன்றும் உங்கள் பையில் இருக்கட்டும். அம்மாவின் பையில் வைக்காதீர்கள், அவர் உள்ளே போகும்போது அது வெளியே தங்கிவிடும்.

முடிந்ததும் அங்கேயே ஒரு தரம் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக விழித்து, ஒரு வாய் தண்ணீர் இருமாமல் விழுங்கிய பிறகு இனிப்புத் தேத்தண்ணி, அதன் பின் மெதுவான சாப்பாடு. இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் அவித்த முட்டையும் போதும், வழியில் கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டாம். வழமையான சாப்பாடு உள்ளே போய் வயிற்றில் நின்றால் அந்தச் சாப்பாட்டோடு குளிசைகளைத் தொடங்கலாம் என்பதுதான் பொது வழக்கம். காலையில் விட்ட கிளிக்கிளசைட்டை மத்தியானமோ இரவோ ஈடுகட்டிப் போடக் கூடாது. அடுத்த நாள் காலை வழமையான நேரத்துக்குப் போட்டால் சரி. உங்கள் டொக்டர் வேறு விதமாகச் சொன்னால் அதுதான். சோதனைக்கு ஏதாவது துண்டு எடுத்திருந்தாலோ குடலில் வளர்ந்த மொட்டை (பொலிப்) வெட்டியிருந்தாலோ, நிறைய இரத்தம் போனால், வயிறு இறுகி வலித்தால், காய்ச்சல் வந்தால் அன்றிரவே திரும்பக் கொண்டுபோகவேண்டும். வியாழன் இரவும் ஒரு தரம் குத்திப் பாருங்கள். சாப்பாடு குறைந்த நாள் அதுவும்தான்.